வீட்டுக்கு ஒரு கை

சவக்கிடங்கில் இளைய மகன் தங்கபாண்டியைப் புரட்டிப் போட்டபோதுதான் நல்லபெருமாளுக்கு விஷயம் தெரிந்தது. வெட்டு எல்லாம் முதுகில் இருந்தது.

முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. நெஞ்சும் வயிறும் முகமும் காலையில் சவரம் செய்துகொண்டு புறப்பட்டபோது இருந்தபடியே சுத்தமாக இருந்தன. பின்பக்கம் கழுத்து பிளந்து எலும்பு தெரிந்தது. வலது தோளில் இறங்கிய அருவாள் விலா வரைக்கும் போயிருந்தது. இடுப்பில் குறுக்கே இரண்டு வெட்டு. ஓடியிருக்கிறான். கோர்ட் வாசலில் எதிரியைப் பார்த்ததும் திரும்பி, பஸ் ஸ்டாண்டுக் கக்கூஸ் வரைக்கும் ஓடி, அங்கே ஈரத்தரையில் குப்புற விழுந்து செத்திருக்கிறான்.

கூட வந்த ஆண்கள் எல்லாம் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நின்றது பேத்தி பிரம்மசக்தி மட்டும்தான். கோடி வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகச் சொன்னால், அவள் போகவில்லை.

"நீங்க காலத் தூக்குங்க தாத்தா. கழுத்து தனியாப் போயிரும்போல இருக்கு. நான் பிடிச்சிக்கிடுதேன்."

பள்ளிக்கூடத்துச் சீருடையோடு, இரண்டு உள்ளங்கையையும் சித்தப்பாவின் பின்தலைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். இருவருமாக வேட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். கட்டி முடித்ததும் நல்லபெருமாள் சொன்னார்:

"ஏட்டி, பாத்தது இந்த ரூமுக்குள்ளயே இருக்கணும். நெஞ்சுல வாங்கினான்னுதான் ஊருக்கு."

"சரி தாத்தா."

வெட்டியவர்களும் வெளியே சொல்ல மாட்டார்கள். ஓடுகிறவனைப் பின்னால் நின்று வெட்டினோம் என்று சொல்வதும் அவர்களுக்குக் கேவலம்தான். ஆக, மேலவீட்டு மானம் அந்த வேட்டிக்குள் கட்டுப்பட்டுச் சுடுகாடு போய்ச் சேர்ந்தது.

கூத்தன்குறிச்சி மேலவீட்டைப் பற்றி வாய்க்கு வந்தபடி யாரும் பேசிவிட முடியாது. அந்த வீட்டில் இஞ்சினியர்கள் உண்டு, வங்கி மேலாளர் உண்டு, கப்பலில் வேலை செய்கிறவன் உண்டு. அத்தனை பேரும் படித்ததற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவன் படிக்காமல் இருந்ததுதான். அவனுக்குப் பெயர் வீட்டுக்கை. கோயில் கொடைத் திருவிழாவில் திருநீறு முதலில் யார் நெற்றிக்கு என்று கீழவீட்டோடு ஆரம்பித்த பகை எத்தனையோ தலைகளைத் தின்று, இன்னும் பசி தீராமல் இருந்தது. அந்தப் பகைக்கு எல்லாரும் போய்ச் செத்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளில் ஒருவனைப் பெரியவர் தேர்ந்தெடுப்பார். அவன் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டுவார். வெட்டுவதும் வெட்டுப்படுவதும் வழக்கை ஏற்று ஜெயிலுக்குப் போவதும் அவன் வேலை. மற்றவர்கள் படிக்கலாம், சம்பாதிக்கலாம். அவன் பெண்டாட்டி பிள்ளைகளைக் கண்கலங்காமல் காப்பாற்ற வேண்டும். பந்தியில் முதல் இலை அவனுக்கு. கீழவீட்டிலும் இதே ஏற்பாடுதான்.

நல்லபெருமாளின் அண்ணன் அப்படி ஒரு கை, ஜெயிலிலேயே முடிந்தார். நல்லபெருமாளின் மூத்த மகன் ஒரு கை. பருத்திக்காட்டில் அவனைத் துண்டு துண்டாகத்தான் பொறுக்கினார்கள். ஆனாலும் நெஞ்சில் வாங்கினான். அவன் பிள்ளைகள்தான் துரைசிங்கமும் பிரம்மசக்தியும். அப்பன் செத்த வருஷம் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்ததில் துரை ஒரு வகுப்பு பின்தங்கி, தங்கச்சியோடு பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். மூத்தவனுக்குப் பிறகு இளையவன் தங்கபாண்டிக்குக் கயிறு கட்டியது நல்லபெருமாள். தோள் அகலத்தைப் பார்த்துக் கட்டினார். தேர்வு தப்பாகிவிட்டது. நூறு வருஷத்தில் இந்த வீட்டில் முதுகில் வெட்டு வாங்கியவன் அவன் ஒருவன்தான். அந்த நினைப்பு நல்லபெருமாளின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். "பங்குனிக் கொடைக்கு நம்ம சார்பா நிக்க ஆள் வேணும்லா அண்ணாச்சி. துரைக்குத்தான கயிறு?"

துரை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான். கபடி ஆடி இறுகிய உடம்பு. "நான் ரெடி தாத்தா! சித்தப்பாவ வெட்டினவன் தலைய படையல் சோறு மாதிரி கொண்டாந்து வைக்கேன், பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நல்லபெருமாள் சிரிக்கவில்லை. தங்கபாண்டியும் இப்படித்தான் பேசினான். இந்தத் தடவை தோள் அகலத்தை நம்புவதாக இல்லை அவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் சரியான வேலையைச் சொல்லுகிற ஒன்று பள்ளிக்கூடத்திலேயே இருக்கும்போது எதற்காகக் குருட்டுத்தனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

அதற்குப் பெயர் முன்நிழல். அரசாங்கம் அதைப் பள்ளிகளில் வைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அது கைகாட்டிய படிப்பில் சேர்ந்த பிள்ளை பாதியில் விட்டு வந்தது என்று ஒரு பேச்சும் கிடையாது.

வழிகாட்டி ஆசிரியை ஆவுடையம்மாள் அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். உள்ளூர்க்காரி. இரண்டு வீட்டுக் கதையும் தெரிந்தவள்.

"உட்காருங்கய்யா."

"நிக்கேன். துரைக்கு ஒரு வேலை பாத்திருக்கேன். அவன் அதுக்குச் சரிப்படுவானான்னு உம்ம மிசினு சொல்லணும், டீச்சரம்மா."

"என்ன வேலைங்கய்யா?"

"உங்க பட்டியல்ல இருக்காது."

"பரவாயில்ல. அந்த வேலைக்கு என்ன குணம் வேணும்னு சொல்லுங்க. அது புரிஞ்சிக்கிடும்."

நல்லபெருமாள் கைத்தடியை இரண்டு கையாலும் ஊன்றிக்கொண்டார். "ரத்தத்தக் கண்டு கை நடுங்கப்பிடாது. எதிர்ல எத்தன பேரு நின்னாலும் ஓடப்பிடாது. யாரு அடிச்சாலும் வாயத் திறக்கப்பிடாது. வருசக்கணக்குல ஒத்தையாக் கிடந்தாலும் கிறுக்குப் பிடிக்கப்பிடாது. செய்ய வேண்டியதச் செஞ்சிட்டு, செஞ்சோமேன்னு அழப்பிடாது."

தட்டச்சு செய்துகொண்டிருந்த டீச்சரின் விரல்கள் நின்றன.

"இது வேலை இல்லைங்கய்யா."

"எங்க வீட்டுல இது வேலைதான். இந்த வேலையில ஒருத்தன் இருந்ததாலதான் மத்தவனெல்லாம் உம்ம மாதிரி நாற்காலில உக்காந்திருக்கான்."

அவள் அவரையே பார்த்தாள். "எங்கிட்டப் படிச்ச பிள்ளைங்க ரெண்டு பேர இந்தப் பகையில பறிகொடுத்திருக்கேன்யா. ஒருத்தன் உங்க சொந்தம், ஒருத்தன் கீழவீடு. ரெண்டு பேரும் கணக்குல நல்ல மார்க்கு." விசைப்பலகையைத் திரும்பப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "சரி. போட்டுக் காட்டுதேன். நீங்களே பாத்துக்கிடுங்க."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியும் வெள்ளைச் சுவரும் இருந்தன.

"பிள்ளைங்க மூணு தடவை இந்த நாற்காலில உக்காந்திருக்காங்க. எதப் பாத்தா நெஞ்சு எப்படி அடிக்கு, எப்பம் பயப்படுதாங்க, எப்பம் பொய் சொல்லுதாங்க, எல்லாத்தையும் இது படிச்சிரும். அத வச்சு, இந்த வழியில போனா இந்தப் பிள்ளை பின்னால எப்படி இருக்கும்னு ஒரு ஆள உண்டாக்கும். அந்த ஆளுதான் நிழல். நீங்க பேசலாம், அது பதில் சொல்லும். பொய் சொல்லாது. சொல்லவும் தெரியாது."

"ம்."

"ஒரு விசயம் மட்டும் மறந்துராதீங்க. இவங்க கடைசியா உக்காந்தது ஆடி மாசம். அதுக்குப் பெறகு நடந்தது எதுவும் நிழலுக்குத் தெரியாது. தங்கபாண்டி அண்ணன் செத்தது தையில. அதுவே தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிக் குழப்பிராதீங்க."

முப்பது வயதுத் துரையைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருந்தது. "ஆள் இல்ல," என்றாள் டீச்சர். இருபத்தைந்துக்கு இறக்கினாள். ஆள் இல்லை. பத்தொன்பதில்தான் துரை தெரிந்தான்.

சந்தைக்குப் பின்னால் ஒரு குறுகிய முடுக்கு. கையில் அருவாளும் மணிக்கட்டில் கறுப்புக் கயிறுமாக நின்றான். எதிர்முனையில் மூன்று பேர் வந்தார்கள். துரை அருவாளைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினான். முதல் வெட்டு பின்தொடையில் விழுந்து, உரித்த ஆட்டுச் சதை மாதிரி அது பிளந்து தொங்கியது. தவழ்ந்தான். "தாத்தா! தாத்தா, என்னக் கூட்டிட்டுப் போயிருங்க!" முதுகில் ஏறி நின்றவன் அவசரமே இல்லாமல் வெட்டினான். சாணிக்கும் ரத்தத்துக்கும் நடுவில் அந்தப் பெரிய உடம்பு துள்ளித் துள்ளி அடங்கியது.

"திருப்பிப் போடும்," என்றார் நல்லபெருமாள்.

இந்தத் தடவை ஆற்றுப்பாலம். எதிரில் இரண்டே பேர். ஓடினான். முதுகில் வாங்கினான். மறுபடி போடச் சொன்னார். தோட்டத்துக் கிணற்றடி, எதிரில் ஒருவன், அதுவும் துரையைவிட இளைத்தவன். துரை ஓடினான். எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அவன் முதுகைத்தான் காட்டினான்.

நல்லபெருமாளின் கைத்தடி கண்ணாடித் தடுப்பில் இறங்கியது. மூலையிலிருந்து மூலைக்கு ஒரு விரிசல் ஓடியது.

"பாத்தீங்கள்லா அய்யா," என்றாள் டீச்சர். "இவன் லாரி மெக்கானிக் படிச்சா அறுபது வயசு வரைக்கும் சிரிச்சிக்கிட்டே இருக்கான். அத வேணா போடட்டுமா? கயிறு கட்டாதீங்கய்யா. விட்ருங்க."

துரையைப் பார்த்தால் தன் மனம் இளகும் என்று நினைத்துத்தான் இவள் காட்டியிருக்கிறாள் என்பது நல்லபெருமாளுக்கு அப்போது விளங்கியது. மனம் இளகத்தான் செய்தது. ஆனால் வேலை காலியாக இருக்கிறதே. அவர் வாயைத் திறப்பதற்குள் மேசைத் திரையில் தானாகவே ஓர் எழுத்து வரிசை எழுந்தது. டீச்சர் பதறிப்போய் உள்ளங்கையால் அதை மூடினாள். விரலிடுக்கில் அவர் படித்துவிட்டார். விவரித்த குணங்களுக்கு மிகவும் பொருந்துபவர்: பிரம்மசக்தி.

"இவ பேரு எதுக்கு வருது?"

"அது… ஒருத்தர் சரியில்லன்னா, அதே வீட்டுல அடுத்த பிள்ளையத் தானாத் தேடும். அத எடுத்துக்கிடாதீங்கய்யா." அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. "அறுவை சிகிச்சை டாக்டருக்கும் இதே குணந்தான் வேணும். ரத்தத்துக்குப் பயப்படக் கூடாது, கை நடுங்கக் கூடாது, அழக் கூடாது. அவளுக்கு ஆடியிலயே அதுதான் சொல்லியிருக்கு. இந்த மிசினுக்குக் குணந்தான் தெரியும்யா, கத்திய எங்க வைக்கணும்னு தெரியாது."

நல்லபெருமாளுக்குச் சவக்கிடங்கு ஞாபகம் வந்தது. ஆண்கள் எல்லாம் வெளியே குனிந்திருந்தபோது பிளந்த கழுத்தைத் தாங்கி நின்ற இரண்டு கைகள். பெண்பிள்ளை என்று கணக்கிலேயே சேர்க்காமல் விட்டது தன் தப்புத்தான் என்று தோன்றியது.

"அவ நிழலக் கூப்பிடும்."

"இப்ப முடியாதுய்யா." டீச்சர் அவசரமாகச் சொன்னாள். "புது வழி. உண்டாக்க நாளாகும். வெள்ளிக்கிழமை வாங்க."

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை, கொல்லைப்புறத்தில் ஒரு சேவலைக் கட்டிப்போட்டு, பேரப்பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டார். அருவாளைத் துரையிடம் நீட்டினார். துரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஓங்கினான். வெட்டு கழுத்தில் விழாமல் இறக்கையில் விழுந்தது. சேவல் ஒற்றைச் சிறகோடு ரத்தத்தை வாரி இறைத்துக்கொண்டு கொல்லை முழுக்கச் சுற்றியது. துரை அருவாளைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான்.

பிரம்மசக்தி நடந்துபோய்ச் சேவலைப் பிடித்தாள். அதன் கண்ணை இடது கையால் மூடினாள். ஒரே வெட்டு. தலை தனியாக, உடம்பு தனியாக. அடங்கும்வரை உடம்பை அமுக்கிப் பிடித்திருந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"போதுமா தாத்தா?"

அவள் முகத்தில் ஒரு துளி தெறித்திருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை. நல்லபெருமாள் உள்ளே போய்விட்டார். மேலவீட்டுப் பெண்கள் யாரும் அதுவரை அவரை அப்படி நேருக்கு நேர் பார்த்துக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில், புளியமரத்தடியில் ஒரு பழைய ஜீப் நின்றது. அதிலிருந்து இறங்கியவர் கீழவீட்டு ஆதிமூலம். நல்லபெருமாளின் வயதுதான். அவர் பேரன் பேச்சிமுத்துவும் பன்னிரண்டாம் வகுப்புதான். தங்கபாண்டியை வெட்டியவன் இனி ஜெயிலிலிருந்து வெளியே வரமாட்டான். அந்த வீட்டிலும் வேலை காலி. இரு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே வாசலின் இரண்டு ஓரமாக நடந்தார்கள். ஆதிமூலம் வெளி நடையில் உட்கார்ந்தார். நல்லபெருமாள் உள்ளே போனார்.

"படம் வராதுய்யா, இந்த வழிக்குக் குரல்தான் வரும்," என்றாள் டீச்சர். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"தாத்தா," என்றது குரல். பிரம்மசக்தியின் குரல்தான். கொஞ்சம் கனத்து, பல நாள் பேசாமல் இருந்துவிட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது.

"எங்கட்டி இருக்க?"

"ஜெயில்ல."

"எத்தன வருசமாச்சு?"

"எண்ணுறதில்ல."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. "வேலைய முடிச்சியா?"

"முடிச்சேன்."

"முன்ன நின்னா, பின்ன நின்னா?"

"முன்ன நின்னுதான். கண்ணப் பாத்துக்கிட்டே வெட்டினேன். கையத் தூக்கித் தடுத்தாரு. விரல் ரெண்டு விழுந்துச்சு. அடுத்தது கழுத்து. விழுந்த பெறகு தொடல. வெட்டிட்டு ஓடல தாத்தா, பக்கத்துலயே உக்காந்திருந்தேன். சித்தப்பா மாதிரி முதுகுல வாங்கிட்டுக் கக்கூசுல போய்க் கிடக்கல."

நல்லபெருமாளின் முதுகு நிமிர்ந்தது. தொண்டையில் இத்தனை நாள் நின்ற முள் இறங்கிய மாதிரி இருந்தது. "யாரு? ஆதிமூலந்தானே?"

"அவரு ரெண்டாவது. முதல்ல நீங்க."

வெளியே மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். டீச்சர் திரும்பவில்லை.

"என்ன சொன்ன?"

"நீங்கதான் கயித்தக் கட்டி அருவாளக் கையில குடுத்தீங்க. எதிரி யாருன்னு உக்காந்து யோசிச்சேன். எங்க அப்பாவக் கொன்னது அருவாளப் பிடிச்சவனா, இந்தா பிடின்னு குடுத்தவங்களா? ரெண்டு வீட்டுலயும் குடுக்குத ஆளு ஒருத்தருதான். அந்த ரெண்டு பேரையும் ஒரே நாள்ல முடிச்சேன். அதுக்குப் பெறகு கூத்தன்குறிச்சியில யாருக்கும் யாரும் கயிறு கட்டல. துரை அண்ணன் லாரி ஷெட்டு வச்சிருக்கான். எப்பமாச்சும் வந்து பாத்துட்டுப் போவான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு அழுவான்."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நல்லபெருமாள் நாக்கை அறுத்திருப்பார். ஆனால் அவர் கண்ணில் நின்றது தன் கழுத்தில் விழுந்த வெட்டு அல்ல. வெட்டிவிட்டு ஓடாமல் உட்கார்ந்திருந்தாளே, அதுதான்.

"டாக்டராயிருப்ப," என்றார் கடைசியில்.

"ஆயிருப்பேன். நீங்க இந்த வேலைக்கு ஊருல உள்ள பிள்ளைங்களையெல்லாம் தேடினீங்க தாத்தா. அப்பா, சித்தப்பா, இப்ப அண்ணன், நான். ஒரே ஒரு ஆள மட்டும் கடைசி வரைக்கும் நீங்க பாக்கவே இல்ல."

யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அவர் மடையர் இல்லை.

வெளியே வந்தபோது ஆதிமூலம் எழுந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நல்லபெருமாள் தலைக்குக் குளித்தார். சலவை வேட்டி கட்டினார். திருநீறு பூசினார். பெட்டியிலிருந்து அண்ணனுடைய அருவாளையும் கறுப்புக் கயிற்றையும் எடுத்தார். தன் மணிக்கட்டில் தானே கயிறு கட்டுவது அவ்வளவு சுலபமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது.

"நான் கட்டிவிடட்டுமா தாத்தா?"

பிரம்மசக்தி வாசற்படியில் நின்றாள். அவர் கையை நீட்டினார். அவள் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு, சின்ன விரலை உள்ளே விட்டு இறுக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். அந்த வீட்டில் கயிறு கட்டுகிற உரிமை வீட்டுப் பெரியவருக்கு மட்டும்தான். அதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"தெரியும் தாத்தா."

"துரை எங்க?"

"மாடியில தூங்குதான். கதவ வெளிய பூட்டிட்டேன்."

கோயிலுக்கு முன்னால் உள்ள பொட்டலில் வெயில் ஏறியிருந்தது. கீழவீட்டுப் பக்கம் போகிற வழியில் நடந்தவர் பாதியில் நின்றார். பொட்டலின் நடுவில் ஆதிமூலம் நின்றுகொண்டிருந்தார். சலவை வேட்டி, கையில் அருவாள், மணிக்கட்டில் கறுப்புக் கயிறு.

"என்னவே, வழி தவறி வந்துட்டீரா?" என்றார் ஆதிமூலம்.

"உம்ம வீட்டுக்குத்தான் வந்தேன். நீரு எங்க கிளம்பிட்டீரு?"

"உம்ம வீட்டுக்குத்தான்." ஆதிமூலம் காறித் துப்பினார். "நிழலு பேசுச்சோ?"

"பேசுச்சு. பேத்தி."

"எனக்குப் பேரன். படிக்குத பயல்னு நெனச்சேன். முதல் வெட்டே என்னத்தானாம். முன்ன நின்னு."

"உம்மளயுமா!" நல்லபெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆதிமூலமும் சிரித்தார். தலைமுறை தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுத் தலைகளும் வெயிலில் நின்று தோள் குலுங்கச் சிரித்ததைக் கோயில் பூசாரி பார்த்தார். பயந்துபோய் நடையைச் சாத்திக்கொண்டார்.

"நம்மளோட முடிச்சிருவமா?" என்றார் நல்லபெருமாள்.

"அதுக்குத்தானவே வந்திருக்கோம்."

கிழவர்களின் சண்டை நீண்ட நேரம் நடக்காது. முதல் வெட்டு ஆதிமூலத்துடையது. நல்லபெருமாளின் இடது தோளில் இறங்கி, எலும்பில் சிக்கி நின்றது. அருவாளைப் பிடுங்க முடியாமல் ஆதிமூலம் இழுத்தார். இழுத்த இழுப்பில் இருவர் முகமும் மோதிக்கொண்டன. வெற்றிலை வாசனையும் ரத்த வாசனையும் ஒன்றாக அடித்தது. நல்லபெருமாள் கீழிருந்து மேலாக வயிற்றில் இழுத்தார். வேட்டி கிழிந்து, உள்ளே இருந்தது எல்லாம் சூடாக அவர் கைமேல் சரிந்தது. ஆதிமூலம் பின்வாங்கவில்லை. ஒரு கையால் தன் குடலைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் அருவாளைப் பிடுங்கி, நெஞ்சில் ஒரு வெட்டுப் போட்டார். இன்னொன்று. நல்லபெருமாள் விழுந்துகொண்டே வெட்டியது ஆதிமூலத்தின் கழுத்தில் பட்டது. பீறிட்ட ரத்தம் பொட்டல் மண்ணில் கோடு இழுத்தது. இருவரும் ஒருவர் காலடியில் ஒருவராகக் கிடந்தார்கள். ஆதிமூலத்தின் உதடு எதையோ சொல்ல அசைந்து, அசைந்தபடியே நின்றுவிட்டது.

இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் ஓரத்திலேயே நின்றார்கள். வெட்டு என்று சொல்ல ஆள் இல்லாதபோது என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிரம்மசக்தி வந்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து, தாத்தாவின் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அவர் நெஞ்சுப் பிளவில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கினாள். அந்தப் பக்கம் பேச்சிமுத்து வந்து தன் தாத்தாவின் கண்ணை மூடினான். நிமிரும்போது அவனும் பிரம்மசக்தியும் ஒரே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

"எங்கட்டி… பட்டிருக்கு?" நல்லபெருமாளின் வாயோரம் நுரை கட்டியது.

"நெஞ்சுல தாத்தா. தோள்ல. எல்லாம் முன்னாலதான். சித்தப்பா மாதிரி முதுகுல இல்ல."

அவர் மனம் குளிர்ந்தது. குளிர்ந்த அடுத்த கணம் எங்கோ இடறியது. சித்தப்பா மாதிரி முதுகுல. இதே சொல்லை இதே குரலில் வெள்ளிக்கிழமை கேட்டார். நிழல்கள் உட்கார்ந்தது ஆடி மாதம். தங்கபாண்டி செத்தது தையில். அது எதுவும் நிழலுக்குத் தெரியாது என்று டீச்சர் சொல்லியிருந்தாள். முதுகில் வெட்டு என்பதை அறிந்தவர்கள் மேலவீட்டில் இரண்டே பேர்.

"ஏட்டி… அன்னைக்கு… அந்தக் குரலு… நீயா?"

"பேசாதீங்க தாத்தா. ரத்தம் போவுது."

இவள் பேரைக் காட்டிய மிசின் பொய் சொல்லவில்லை. நல்லபெருமாள் அதைத்தான் நினைத்தார். நூறு வருஷத்தில் இந்த வீட்டில் இப்படி ஒரு கை அமைந்ததில்லை. அருவாளைத் தொடாமல், வெறும் குரலாலேயே, இரண்டு வீட்டுத் தலையையும் ஒரே நாளில் சாய்த்திருக்கிறாள். பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் நெஞ்சுமேல் அமுங்கியிருந்த அந்த உள்ளங்கைகள் ஒரே ஒரு தடவை, தனக்காக, கொஞ்சம் நடுங்கினால் போதும் என்று இருந்தது அவருக்கு. வெளிச்சம் மங்கி மங்கி, கோயில் வேப்பமர உச்சி மறைகிற வரைக்கும் காத்திருந்தார்.

நடுங்கவில்லை.